பனி அள்ள வந்தவர்

எங்கள் நோவா வரோஷில் பனிக்காலம் ஐந்து மாதம். மற்றவர்களுக்கு அது தொல்லை. என் தங்கை கணவர் விதோயேவுக்கோ அதுதான் வசதி. சாக்குத் தேடி அவர் வெளியே அலைய வேண்டாம், வாசலிலேயே இடுப்பளவு கிடக்கும். வேலைக்குத் தாமதமா, பனி. சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகுகிறதா, கடைக்குப் போகவிடாமல் பனி. பல் வைத்தியரிடம் என்னைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாரே, அதற்கும் பனிதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் மாப்பிள்ளைக்குக் கூடம் முழுக்க வெள்ளை.

நகரத் தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிறவர். குளிர் முற்றினால் வீடு வீடாகப் போய் உறைந்துபோன மீட்டர்களுக்குச் சூடு காட்டி இளக்குவது அவர் வேலை. மீட்டரைப் பழைய கம்பளியால் சுற்றி வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுவார். எங்கள் வீட்டு மீட்டர் வருஷா வருஷம் உறையும். கேட்டால் சிரிப்பார். சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அதைப் பார்த்தபின் யாருக்கும் கோபம் நிற்காது. என் தங்கை மிலேசா அந்தக் குழியில் விழுந்தவள்தான்.

எனக்கு நிற்கும். என் பெயர் ஸ்தானா. 'நில்லு' என்று அர்த்தம். பெண் பிள்ளை போதும், இத்தோடு நிற்கட்டும் என்று எனக்கு வைத்த பெயர். நிற்கவில்லை, எனக்குப் பின்னால் மிலேசா பிறந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாத நான் மாடியில், அவர்கள் நாலு பேரும் கீழே. என் நாக்கைப் பற்றி ஊரில் கேட்டால் சொல்லுவார்கள். ஆனால் அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். விதோயே நல்ல தகப்பன். பனிக்கால ஞாயிறுகளில் அந்த வீட்டைப் போலக் கலகலப்பான வீடு எங்கள் தெருவில் கிடையாது. காலையிலேயே மரச் சறுக்குவண்டியின் இரும்புப் பட்டைக்கு மெழுகு தேய்க்க உட்கார்ந்துவிடுவார். மூத்தவள் நேதாவுக்குப் பதின்மூன்று வயது, வர மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கடைசியில் முதல் ஆளாக வண்டியில் ஏறுவதும் அவள்தான். அவள் முறை முடிந்ததும் எட்டு வயது வுக்கான் அப்பாவின் முதுகில் குப்புறப் படுத்துக்கொள்ள, இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்து மேட்டிலிருந்து ஆற்றங்கரைவரை கத்திக்கொண்டே சறுக்கிப் போவார்கள். திரும்பி வந்தால் அடுப்பைச் சுற்றி ஈரக் கையுறைகள், காலுறைகள், அடுப்பின் மேல் ஆரஞ்சுத் தோல் கருகும் வாசனை. மிலேசா பீப்பாயிலிருந்து புளித்த கோஸை எடுத்துவந்து போடுவாள். அந்தக் கூட்டத்தில் உட்கார எனக்கும் பிடிக்கும், அதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

மாப்பிள்ளையிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. யாருக்கும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வராது. இளகின மனசு என்பாள் தங்கை. எதிரில் நிற்கிறவனிடம் ஆமாம் சொல்லிவிட்டு, எதிரில் இல்லாதவனிடம் பொய் சொல்லுவதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எதிரில் இல்லாதவர், ஓப்ராட்.

ஓப்ராட் மலைமேல் யவோரிக் கிராமத்தில் ஆடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைப்பவர். விதோயேவும் அவரும் பட்டாளத்தில் ஒரே கூடாரம். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஓப்ராட்தான் 'கும்'. பக்கத்தில் நின்று கிரீடம் தாங்கினார். பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தினார், வுக்கானின் முதல் முடியை வெட்டினார். எங்கள் பக்கத்தில் கும் என்றால் உடன்பிறப்புக்கும் ஒரு படி மேலே, அந்த உறவு பிள்ளைகளுக்கும் தொடரும். உடன்பிறந்தவனோடு சண்டை போடலாம், வழக்கும் போடலாம். கும்மோடு கூடாது. அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவர் போனால் அவர் வாசலில் நின்று, "வாடா, குமே" என்பார். அவ்வளவுதான் வரவேற்பு.

ஓப்ராட் வீட்டு ஸ்லாவா, அதாவது அந்தக் குடும்பத்தின் காவல் புனிதர் நாள், ஜனவரி இருபது. புனித யோவான் திருநாள். கும் உறவுக்கே சாட்சி புனித யோவான்தான், அவர் பெயரில்தான் அதைச் சத்தியம் செய்கிறோம். அப்படிப்பட்ட நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒருமுறை வந்தவர் வருஷா வருஷம் தாமாக வருவார். அழைத்தால் அவர் அந்நியர். விதோயே குடும்பம் கல்யாணமானதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. மிலேசா நிறைமாதமாக இருந்தபோதுகூட ஆட்டுத்தோலில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம் இருபதாம் தேதி சனிக்கிழமையாக வாய்த்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளை வேலையிலிருந்து வரும்போதே கன்னக்குழியோடு வந்தார். அவருடைய அலுவலக மேலாளர் கோய்கோ, இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த பொறியாளர், சனிக்கிழமை குடும்பத்தோடு ஸ்லாதார் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறாராம். நீங்களும் குடும்பத்தோடு வாருங்களேன் என்று கேட்டாராம். மீட்டர் பிரிவுக்கு வசந்தகாலத்தில் ஒரு தலைவரைப் போட வேண்டியிருந்தது. இவர் உடனே ஆமாம் சொல்லிவிட்டார்.

மிலேசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சனிக்கிழமை என்ன நாள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியாமல் இல்லை. காதை மட்டும் சொறிந்துகொண்டார். கும்முக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று அவள் விடாமல் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அவன் நம்மளக் கூப்பிடவே இல்லையே."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சூடானது. இப்போது இதைச் சொல்லும்போதும் சூடாகிறது. மிலேசா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. அவருடைய குலதெய்வம் கைவிடவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நான் கீழே இறங்கியபோது மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலை நோயாளிக் குரலாக மாற்றியிருந்தார். தெரு மூடிப்போச்சு என்றார், கார் புதைந்துகிடக்கிறது என்றார். கேட்டவரே பாவம் என்று நினைக்க வேண்டும் என்றோ என்னவோ, பிள்ளைகள் இரண்டுக்கும் நெஞ்சில் இருமல் என்றும் சேர்த்துக்கொண்டார். ஓப்ராட் போனில் எப்போதும் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசுவது போலத்தான் பேசுவார். அவர் பதில் எனக்கே கேட்டது. பிள்ளைங்கள வெளிய விடாத குமே, நான் பாத்துக்கிறேன் என்றார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

போனை வைத்ததும் மாப்பிள்ளை வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கார் கொட்டகையிலிருந்து கேட்வரை தரை தெரிகிற அளவுக்கு, கேட்டிலிருந்து பெரிய சாலைவரை கார் நுழைகிற அளவுக்கு அள்ளித் தள்ளினார். நான் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டபோதுகூட ஒரு நடைபாதை அள்ளித் தராதவர். கால் சுளுக்கோடு நான் வரவில்லை என்றுவிட்டேன். மிலேசா இறுகிய முகத்தோடு போனாள். பிள்ளைகள் சறுக்குவண்டியோடு குதித்துக்கொண்டு போனார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்.

மதியம் நெருங்கும் நேரம் தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. நகராட்சி வண்டி என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் முன்னால் இரும்புத் தகடு கட்டிய பழைய சிவப்பு டிராக்டர். எங்கள் தெருவுக்குள் பனியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே வந்து கேட்டின் முன் நின்றது. ஓப்ராட் இறங்கினார். ஆட்டுத்தோல் கோட்டு, மீசையெல்லாம் உறைந்த வெள்ளை. யவோரிக்கிலிருந்து எங்கள் வாசல்வரை வழியை அவரே திறந்துகொண்டு வந்திருக்கிறார். தன் வீட்டு ஸ்லாவா அன்றைக்கு, விருந்தாளிகளையும் எரிகிற மெழுகுவர்த்தியையும் மனைவி ராய்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பனிக்குள் அடைபட்ட கும்மை மீட்க வந்திருக்கிறார்.

கேட்டைத் தாண்டி நடந்தவர் நின்றார். துடைத்துவிட்டது போல் கிடந்த பாதையைப் பார்த்தார். காலியான கொட்டகையைப் பார்த்தார். சுவரில் சறுக்குவண்டி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்ததையும் பார்த்தார். நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.

"ஸ்தானாக்கா, பிள்ளைங்களுக்கு இருமல் எப்படி இருக்கு?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மலைக்குப் போயிருக்காங்க என்று மட்டும் வந்தது.

"டாக்டரப் பாக்கவா?"

"இல்ல. சறுக்க."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். உள்ளே வந்து கோட்டுக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார், நெஞ்சில் தேய்க்க வாத்துக்கொழுப்பு. அடுத்து துண்டில் பொதிந்த பாத்திரம், ஸ்லாவாவுக்கு அவித்து வாதுமைப் பருப்பும் சர்க்கரையும் சேர்த்த கோதுமை. ஒருவேளை பிள்ளைகளால் வர முடியாவிட்டால் இருக்கட்டும் என்று ராய்கா கொடுத்தனுப்பியதாம். உட்காரச் சொன்னேன். ஸ்லாவா நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றபடிதான் பரிமாற வேண்டும். அதை அவர் எங்கள் சமையலறையிலும் விடவில்லை. அடுப்போரம் நின்றார். ரொட்டியை இன்னும் உடைக்கவில்லை என்று சொன்னார். மேசையைச் சுற்றி ஜனம் காத்திருக்கிறது, கும் வராமல் எப்படி உடைப்பது என்று கிளம்பி வந்துவிட்டாராம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வீட்டில் இல்லாத எங்கள் ஆட்களுக்காக வெட்கப்பட்டு வெட்கப்பட்டு நான் அடுப்புக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் மாப்பிள்ளையுடையது மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கவில்லை. ஓப்ராட் கிளம்புகிறேன் என்று வெளியே வந்து டிராக்டர் அருகில் போகும்போது அவர்கள் கார் வந்துவிட்டது. பின்னாலேயே இன்னொரு கார். மேலாளர் குடும்பத்தைக் காப்பிக்கு அழைத்து வந்திருந்தார் மாப்பிள்ளை.

காரை விட்டு இறங்கியவருக்கு ஓப்ராட்டைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை. மிலேசா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடியே நின்றுவிட்டாள். கோய்கோ மரியாதையான மனிதர். கையுறையைக் கழற்றிக்கொண்டே டிராக்டரைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகத் தெருவைத் திறந்தது யார், இவர் யார் என்று கேட்டார்.

அந்த இடத்தில் மாப்பிள்ளை உண்மையைச் சொல்லியிருந்தால், பொய் சொன்னேன் குமே, அடி என்று சொல்லியிருந்தால், ஓப்ராட் ஒரு அறை விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்திருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரில் நின்றது மேலாளர். ஓப்ராட்டிடமிருந்து புகையும் ஆட்டு வாசனையும் அடித்தது. மாப்பிள்ளை வாய் திறந்தார்.

"இவர்... பனி அள்ள வந்தவர்."

நான் படியில் நின்றிருந்தேன். கால் சுளுக்கு எனக்கு மறந்துபோனது. ஓப்ராட் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு, கூலிக்கு வந்தவன் செய்வது போலவே தொப்பியைக் கழற்றி மேலாளருக்குத் தலை வணங்கினார்.

"ஆமாங்க. வழி திறந்தாச்சு. இனி நீங்க தாராளமாப் போய் வரலாம்."

அதற்குள் வுக்கான் காரிலிருந்து உருண்டு இறங்கி, "குமே, குமே" என்று ஓடிப்போய் அந்த ஆட்டுத்தோல் கோட்டைக் கட்டிக்கொண்டான். ஸ்லாவாவுக்கு நம்மளக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா என்று கேட்டான். நேதா பின்னால் வந்து, அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிகிற வயது.

மேலாளருக்கும் புரிந்துவிட்டது. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

"இன்னைக்கு உங்க கும் வீட்டு ஸ்லாவாவா, விதோயே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உங்கள அங்க அனுப்பியிருப்பேனே."

காப்பி குடிக்காமல் ஓப்ராட்டுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்த வாக்கியம்தான் மாப்பிள்ளையை அடித்துப் போட்டது. இத்தனை பொய்யும் யாருக்காகச் சொன்னாரோ, அந்த மனிதருக்கே அது தேவைப்பட்டிருக்கவில்லை. மாப்பிள்ளை பனியில் கூனிக் குறுகி நின்றார். கன்னக்குழி இருந்த இடம் தெரியவில்லை. குமே, வந்து, நான் என்று ஏதோ ஆரம்பித்தார்.

ஓப்ராட் அவரைப் பேசவிடவில்லை. வுக்கானைத் தூக்கி டிராக்டர் இருக்கையில் உட்கார வைத்தார். நேதாவின் தலையைத் தடவி, நீயும் ஏறும்மா என்றார். என்னையும் மிலேசாவையும் பார்த்து, ரொட்டி காத்துக்கிட்டிருக்கு, கிளம்புங்க என்றார். கடைசியாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். கோபமான முகமாக இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"இன்னைக்கு எங்க வீட்டுல ஸ்லாவாங்க. நேரம் இருந்தா நீங்களும் வாங்க. நான் உங்கள அழைக்கிறேன்."

அழைக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் வாடா போடா என்று இருந்தவர், 'நீங்க' என்றார், 'அழைக்கிறேன்' என்றார். மிலேசா முந்தானைபோல் தொங்கிய கழுத்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மாப்பிள்ளையை நான் ஆயிரம் தடவை திட்டியிருக்கிறேன். அவரிடம் அப்படி ஒருவர் மரியாதையாகப் பேசிக் கேட்டபோதுதான் அவருக்காக எனக்கு நெஞ்சு வலித்தது.

பிள்ளைகள் டிராக்டரில் முன்னால் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் காரில் பின்னால். வழி நெடுக இரண்டு பக்கமும் காரைவிட உயரமாகப் பனிச்சுவர். அதில் தகடு வழித்த கோடுகள் கலையாமல் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் அந்த மனிதர் எத்தனை முறை பின்னால் போய் முன்னால் வந்து பனியைத் தள்ளியிருக்கிறார் என்று அடையாளம் இருந்தது. அதையெல்லாம் பார்க்காமல் அந்தச் சாலையில் கார் ஓட்ட முடியாது. மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை, மதினி, நான் என்ன சொல்லட்டும் அவன்கிட்ட என்று கேட்டார். பனின்னு சொல்லுங்களேன் என்று என் நாக்கின் நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன். எனக்கும் தெரியலை மாப்பிள்ளை என்றேன்.

யவோரிக்கில் வீடு நிறைய ஜனம். ராய்கா ஓடிவந்து எல்லோரையும் முத்தமிட்டாள், எங்களால் தாமதமானதைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. எங்களைப் பற்றி ஓப்ராட் என்ன சொல்லிவைத்தாரோ, ஒருத்தரும் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. மேசையின் தலைப்பக்கத்தில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் வட்ட ரொட்டி, அதை ஒட்டி ஒரு காலி நாற்காலி. கும்முடையது. மாப்பிள்ளை அதை நெருங்கவில்லை. கதவோரம், தாமதமாக வருகிறவர்கள் ஒண்டிக்கொள்ளும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே ஏன் உட்காருகிறாய் என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஓப்ராட் கோதுமைத் தட்டை ஏந்தி ஒவ்வொருவரிடமும் வந்தார். மாப்பிள்ளையிடம் வந்தபோது, எடுத்துக்கோங்க என்றார். மாப்பிள்ளை ஒரு கரண்டி எடுத்தார். அதை விழுங்க அவர் பட்ட பாட்டை நான் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் எழுந்து நின்றோம். ரொட்டி உடைக்கும் நேரம். இரண்டு பேர் சேர்ந்து அதைப் பிடித்துச் சுற்றி, உடைத்து, முத்தமிட வேண்டும். ஒரு பக்கம் வீட்டுக்காரன், இன்னொரு பக்கம் கும். ஓப்ராட் ரொட்டியைக் கையில் எடுத்தார்.

"வாடா, குமே."

மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். அந்தக் குரல் அவருக்கு அப்படிப் பழக்கம். ஆட்களை விலக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டார். அவர் முகம் அந்த நொடியில் எப்படி மலர்ந்தது என்பதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஓப்ராட்டின் கை நீண்டிருந்தது வுக்கான் பக்கம்.

வுக்கான் நாற்காலிமேல் ஏறி நின்றான். இரண்டு கையாலும் ரொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான். சுற்றினார்கள். கிறிஸ்து நம் நடுவில் என்றார் ஓப்ராட். பையனுக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி அப்பாவைத் தேடினான். அறையின் நடுவில், போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்ற மாப்பிள்ளை, இருக்கிறார், இருப்பார் என்று எடுத்துக்கொடுத்தார். பையன் அதை உரக்கத் திருப்பிச் சொன்னான். ரொட்டி பிளந்தது, எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், கிண்ணங்களில் ராக்கியாச் சாராயம் ஊற்றினார்கள்.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். ஓப்ராட் இறைச்சித் தட்டோடு அவரைக் கடந்து போகும்போது நின்று, கதவோரப் பெஞ்சைக் காட்டி, ஆறிடும், உட்காருங்க என்றார். மாப்பிள்ளை சரிங்க என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.